‘மகன்’ தந்த குடிப்பெயர்

கெடாவின் கூலிம், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தமிழர் பெயர்களில் ‘அனாக் லெலாக்கி’ என்னும் மலாய்த் தொடர் வரும். இன்னார் மகன் இன்னார் என்பதே பொருள். இம்முறை நமக்குப் புதிதன்று. ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்னும் சங்கப் புலவர் பெயரே சான்றாம்.

ஸ்காத்துலாந்தின் கேலிக் மொழியில் ‘மாக்’ மகனையும், ‘நிக்’ மகளையும் குறிக்கும். தமிழகச் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி (1754–1821) லூயிஸ் தீவினர். மெக்கன்சி என்பது கென்னத்தின் மகன் எனப் பொருள்படும். அவர் தந்தையோ மர்டாக்! மூதாதை ஒருவர் பெயர் குடிப்பெயராய் நிலைத்துவிட்டது. ஆங்கில வழக்கில் மகளிர்க்கும் ‘மாக்’ என்பதே நின்றது, ‘நிக்’ ஒதுங்கியது.

நம் முறையில் மகளுக்கு ‘அனாக் பெரெம்புவான்’ என இடமுண்டு. ஆனால் பேரன் பெயரில் பாட்டன் பெயர் இல்லை. கப்பலேறி வந்தவரே அப்பாட்டனாயின், இழப்பு பெரிதன்றோ? மாணவர் மூன்று தலைமுறைப் பெயர்களையேனும் எழுதிவைக்க ஆசிரியர் வழிகாட்டுவாராக.