குலத்தொழிலா, கற்ற தொழிலா?

ஒரே தாளில் ஒரே ஒப்பந்தத்தை இருமுறை எழுதுவர். இரண்டுக்கும் இடையே பல் பல்லாக வளைந்து செல்லுமாறு தாளை வெட்டுவர். ஒரு பாதி தொழிலாசானிடம் இருக்கும். மறு பாதி, தொழில் பயில வந்த சிறுவனின் வீட்டாரிடம் இருக்கும். பின்னாளில் வழக்கு எழுமானால் இரு பாதிகளையும் கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பர். பல்லோடு பல் பொருந்தினால் ஒப்பந்தம் மெய்; பொருந்தாவிடில் பொய். இங்கிலாந்தில் தொழிற்பயிற்சி ஒப்பந்தத்துக்கு ஏற்பட்ட 'இண்டெஞ்சர்' என்னும் பெயரே, பல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியே வந்ததுதான். முடிதிருத்தும் கலையைக் கற்க விரும்பிய இலண்டன் சிறுவனும் இத்தகைய தாளில் கையொப்பமிட்டே நாவிதர் கடையின் வாயிற்படி ஏறினான்.

அந்தத் தாளில் என்ன இருந்தது? ஆசான் உண்டி தரவேண்டும், உறையுள் தரவேண்டும், தொழில் நுணுக்கத்தை ஒளிக்காமல் கற்பிக்கவேண்டும். சிறுவன் ஆசானின் இரகசியங்களைக் காக்கவேண்டும்; சூதாடக் கூடாது; மதுக்கடை நாடக் கூடாது; பயிற்சி முடியுமட்டும் மணம் புரியக் கூடாது. 1563ஆம் ஆண்டில் வந்த சட்டம், பயிற்சிக் காலம் ஏழாண்டுக்குக் குறையலாகாது என்றது. ஏழாண்டு! அந்த ஏழாண்டில் அடியும் உதையும் அரைவயிற்றுக் கஞ்சியும் கண்டு, இரவோடிரவாக ஓடிப்போன சிறுவர் பலர். ஆகவே, அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று போற்றிப் பாட நாம் முன்வரவில்லை.

எனினும் ஒன்றைக் காண்கிறோம். தொழிற்கழகப் பதிவேட்டிலே சிறுவனின் தந்தை பெயரும், தந்தை செய்த தொழிலும் குறிக்கப்பட்டன. உழவன் மகன், தையற்காரன் மகன், தச்சன் மகன் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலே 'நாவிதரிடம் சேர்க்கப்பட்டான்' என்று எழுதினர். தந்தையின் தொழில் பதிவேட்டிலே ஒரு குறிப்பாக நின்றது. மகனின் காலுக்கு விலங்காக வரவில்லை.

அந்தக் கழகத்தின் வரலாறு நெடியது. 1308ஆம் ஆண்டிலேயே இலண்டன் நாவிதர்க்கு ஒரு தலைவர் இருந்தமை தெரிகிறது. 1462இல் நான்காம் எட்வர்டு மன்னன் அவர்களுக்குப் பட்டயம் வழங்கினான். அந்நாளைய நாவிதர் முடி மழிப்பதோடு நின்றவரல்லர். பல் பிடுங்கினர், கட்டி அறுத்தனர், குருதி வடித்தனர். 1540இல் எட்டாம் என்றி மன்னன் காலத்தில் நாவிதர் கழகமும் அறுவை மருத்துவர் குழுவும் சட்டத்தால் ஒன்றாக்கப்பட்டன. ஒன்றாக்கிய அதே சட்டம் வேலையைப் பிரித்தும் வைத்தது: அறுப்பவன் மழிக்கக் கூடாது, மழிப்பவன் பல் பிடுங்குவதற்கு மேல் அறுக்கக் கூடாது என்று! இருநூறு ஆண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். பிறகு, 1745இல் அறுவை மருத்துவர் தனிக்கழகம் கண்டு வெளியேறினர். கத்தி ஒன்றே, ஆனால் ஒரு கத்திக்கு உயர்வும் மறு கத்திக்குத் தாழ்வும் கற்பிக்கப்பட்டன. ஆனால் பழைய உறவின் தழும்பு இன்னும் மறையவில்லை. இன்றும் பிரிட்டனில் அறுவை மருத்துவரை 'டாக்டர்' என்றழைப்பதில்லை. 'மிஸ்டர்' என்றே அழைக்கின்றனர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாமல், ஆசானிடம் கைத்தொழிலாகக் கற்று வந்த முன்னோரின் வழிவந்த வழக்கம் அது. அதனை அவர்கள் இழிவாகக் கருதவில்லை, பெருமையாகவே பேணுகின்றனர்!

கழக உறுப்பினராகி நகரத்தின் தொழில் உரிமை பெற அங்கே மூன்று வாயில்கள் இருந்தன. பயிற்சியை முடித்து வருவது ஒன்று. உறுப்பினரின் பிள்ளை என்ற உரிமையில் வருவது மற்றொன்று. பணம் கட்டி நுழைவது மூன்றாவது. ஆம், பிறப்புக்கும் பணத்துக்கும் அங்கும் இடம் இருந்தது. அதை மறைத்துப் பேசுவது பகுத்தறிவாகாது. ஆனால் பிறப்பு ஒன்றே வாயில் என்ற நிலை இல்லை. அதனால்தான் நாவிதரிடம் பயின்ற ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர், முடிதிருத்தும் கடையும் பொய்முடி வாணிகமும் நடத்திவிட்டு, 1769இல் நூற்பு எந்திரத்துக்கு உரிமம் பெற்று ஆலை முதலாளியாக முடிந்தது. நுழைய வழியிருந்த தொழிலில் வெளியேறவும் வழியிருந்தது.

நம் நாட்டிலும் நாவிதர் மருத்துவம் செய்தனர். மருத்துவர் என்பது அவர்களின் பெயர்களுள் ஒன்று. பேறுகாலத்தில் ஊர்ப் பெண்களுக்குத் துணை நின்றவர் அவ்வீட்டு மருத்துவச்சி. ஊரார் உயிரைக் காத்த அந்தக் குடும்பத்துக்குக் கூலி, அறுவடைக் களத்திலே அளந்து போட்ட நெல்! இந்தத் தொழிலுக்கு ஒப்பந்தத் தாள் ஏது? ஆண்டுக் கணக்கு ஏது? மகன் பிறந்தான், கத்தி கைக்கு வந்தது. விரும்பினாயா என்று கேட்டவரில்லை. வேண்டாமென்று விலக இடமுமில்லை. பிற குலத்தான் ஒருவன் கற்க வந்தானென்ற பேச்சுக்கே இடமில்லை. இலண்டன் நாவிதரின் கையிலிருந்த அதே அறிவுதான் நம் மருத்துவர் கையிலும் இருந்தது. அங்கே அது கல்லூரியாக வளர்ந்தது. இங்கே அது திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

இனி ஒரு சிறுவனின் கதைக்கு வருவோம். ஏழு நூற்றாண்டுப் பழமையுடைய இந்தப் பயிற்சி முறை நம் காலத்தில் ஓர் ஏழைக்கு என்ன செய்தது என்பதை அவன் வாழ்விலே காணலாம்.

விடால் சசூன் 1928இல் இலண்டனில் பிறந்தான். யூதக் குடும்பம். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனபோது அவனுக்கு வயது மூன்று. தாய் இரு பிள்ளைகளுடன் கிழக்கு இலண்டனில், உறவினர் வீட்டு நெருக்கடியிலே ஒண்டினாள். பிழைக்க வழியின்றி இருவரையும் யூத அநாதை விடுதியில் சேர்த்தாள். அங்கே அவன் ஏறத்தாழ ஏழாண்டு இருந்தான். தாய் மாதம் ஒருமுறைதான் வந்து பார்க்கலாம்! போர் மூண்டது, நகரத்துப் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பினர், அவனும் போனான், திரும்பி வந்தான். பதினான்கு வயதிலே படிப்பு முடிந்தது. பந்தாட்டக்காரனாக வேண்டும் என்பது அவன் ஆசை. தாய்க்கோ, மகன் கையில் ஒரு தொழில் வேண்டும்.

1942. இலண்டன்மீது குண்டு விழுந்து பாழ்பட்ட காலம். ஒயிட்சாப்பல் வீதியில் அடால்ஃப் கோகன் என்பவர் நடத்திய முடி ஒப்பனைக் கடைக்குத் தாய் அவனை அழைத்துச் சென்றாள். பயிற்சியில் சேரக் கட்டணம் நூறு கினி, அதாவது 105 பவுன். வாரக் கூலியில் வயிறு வளர்த்த பெண்ணுக்கு அது எட்டாத தொகை. இருவரும் விடைபெற்று எழுந்தனர். சிறுவன் தாய்க்காகக் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று, அவளை முதலில் போகவிட்டான். அந்தப் பணிவைக் கண்ட கோகன் அவர்களைத் திரும்ப அழைத்தார். கட்டணம் வேண்டாம், வேலைக்கு வரட்டும் என்றார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பலரும் சிறுவனின் பண்பைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். நாம் அப்படி நிற்கமுடியாது. கோகன் அன்று வேறு பக்கம் திரும்பியிருந்தால்? கதவைத் திறக்க வேறொருவர் முந்தியிருந்தால்? நூறு கினி என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து தெருவுக்குத் திரும்பிய தாய்மார்களின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. பிறப்பு என்னும் பூட்டு இல்லாத கதவிலே பணம் என்னும் பூட்டுத் தொங்கியது. அன்று ஒருவருக்கு மட்டும் அது தற்செயலாகத் திறந்தது.

உள்ளே சென்றவனுக்கு என்ன பாடம்? முடி கழுவுதல், தரை பெருக்குதல், பெரியவர் கையைப் பார்த்துக்கொண்டே நிற்றல். கோகன் கண்டிப்பானவர். நகம் தூய்மையாக இருக்கவேண்டும், காலணி பளபளக்கவேண்டும், கால்சட்டையின் மடிப்புக் கலையாமல் இருக்கவேண்டும். இரவெல்லாம் குண்டுக்கு அஞ்சிப் பதுங்கிடத்தில் படுத்துக் கிடந்துவிட்டு வரும் பையனிடமும் இதையே எதிர்பார்த்தார்! பிறர் தலையைத் தொடும் கை எப்படி இருக்கவேண்டும் என்பதே முதல் பாடம். நம் பள்ளிகளில் எத்தனையில் இப்பாடம் உண்டு என்று கேட்கத் தோன்றுகிறது.

போர் முடிந்தது. ஆனால் ஆஸ்வால்ட் மோஸ்லியின் பாசிசக் கூட்டம் கிழக்கு இலண்டன் தெருக்களில் மீண்டும் யூத வெறுப்பைக் கக்கியது. 1946இல் யூதப் படைவீரர்களாயிருந்தோர் கூடி '43 குழு' என்ற எதிர்ப்பு அணியை அமைத்தனர். சசூனும் அதில் சேர்ந்தான். இரவில் தெருவிலே கைகலப்பு, காலையில் கடையிலே கத்தரிக்கோல். முகத்தில் காயத்தோடு வந்தவனைப் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் பதறிக் கேட்டபோது, கொண்டை ஊசி தடுக்கி விழுந்துவிட்டேன் என்றானாம்! 1948இல் புதிதாக உருவான இஸ்ரேல் நாட்டுக்குச் சென்று போரிலும் நின்றான். பின் இலண்டனுக்கே திரும்பினான்.

திரும்பியவனை மேற்கு இலண்டனின் உயர்ந்த கடைகள் ஏற்கவில்லை. காரணம் கை அன்று, வாய்! ஏழையர் பேட்டையின் கொச்சை அவன் நாவில் ஒட்டியிருந்தது. கத்தரிக்கும் திறமையைச் சோதிக்குமுன் பேச்சைக் கேட்டே கதவடைத்தனர். உச்சரிப்புப் பயிற்சிக்குச் சென்று, பேச்சையே மாற்றிக்கொண்ட பிறகுதான் இடம் கிடைத்தது. சாதி இல்லாத நாட்டிலும் நாக்கைக் கொண்டு தரம் பிரித்தனர் என்பதை நம் இளைஞர் குறித்துக்கொள்ள வேண்டும். புகழ்பெற்ற ரேமண்ட் பெசோனிடம் பணியாற்றி, கத்தரிக்கோலை எப்படி ஆளவேண்டும் என்பதை அவரிடம் கற்றார். 1954இல் பாண்டு தெருவிலே தமக்கென ஒரு கடை திறந்தார்.

1954! அந்த ஆண்டு தமிழ்நாட்டு வரலாற்றிலும் ஒரு குறி. அதற்கு முந்திய ஆண்டிலே முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார், நாட்டுப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஒருவேளைதான் படிப்பு, மறுவேளை தந்தை செய்யும் தொழிலைப் பிள்ளை கற்கட்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதை அழைத்தது, எதிர்த்துக் கொதித்தது, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைத்தொழில் கற்பதில் என்ன தவறு, மேலைநாட்டில் பயிற்சி முறை இல்லையா என்று அன்று சிலர் வாதாடினர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். சசூனின் தாய் மகனை அழைத்துச் சென்றது தகப்பன் தொழிலுக்கா? தகப்பன்தான் ஓடிவிட்டானே! முன்பின் அறியாத ஆசானிடம், தான் தேர்ந்தெடுத்த தொழிலுக்கு அழைத்துச் சென்றாள். குலக்கல்வியோ நாவிதர் மகனை நாவிதர் வீட்டுக்கே திருப்பி அனுப்பியது, பாதிப் படிப்பையும் பறித்துக்கொண்டு. அங்கே ஒப்பந்தமும் இல்லை, ஊதியமும் இல்லை, முடிவுநாளும் இல்லை.

அந்த வாதம் அன்றோடு ஓய்ந்ததா? 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் பதினெட்டுத் தொழில்களில் முடிதிருத்தலும் ஒன்று. குடும்பம் வழிவழியாக அத்தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை நீக்குமாறு தமிழ்நாடு அரசு கேட்டது. ஏற்கப்படாத நிலையில், 2024இல் அத்திட்டத்தைச் செயற்படுத்த மறுத்தது.

பாண்டு தெருவுக்குத் திரும்புவோம். அக்காலத்துப் பெண்கள் வாரந்தோறும் கடைக்கு வந்து, முடியைச் சுருளிகளில் சுற்றி, சூடு கக்கும் கவிழ்கலத்தின்கீழ் நெடுநேரம் அமர்ந்து, பசைத்தெளிப்பால் முடியைக் கற்சிலைபோல் நிறுத்திச் சென்றனர். காற்றடித்தால் கவலை, மழை பெய்தால் அழுகை! சசூன் இந்த வேடத்தைக் கலைத்தார். முகத்தின் எலும்பமைப்பைப் பார்த்து, முடி இயல்பாக விழும் வாட்டத்தைப் பார்த்து வெட்டினால், கழுவி உதறினாலே அது தன் வடிவில் வந்து நிற்கும் என்று காட்டினார். செருமானிய பௌஹௌஸ் கட்டடக் கலையின் கோடுகளே தம் கத்தரிக்கு வழிகாட்டி என்பார். 1963இல் ஆடை வடிவமைப்பாளர் மேரி குவாண்டு போன்றோர்க்கு அவர் வெட்டிய குறுமுடி நாடெங்கும் பேச்சாயிற்று. அலுவலகம் செல்லும் பெண்ணுக்கு வாரத்தில் சில மணி நேரம் மிச்சமாயிற்று. அழகுக்கலை என்று அலட்சியமாகச் சொல்லிவிட முடியாத விடுதலை அது.

2012இல் அவர் மறைந்தார். அதற்குள் பயிற்சிக்கூடங்கள் பல கண்டிருந்தார். பல நாட்டு இளைஞர் அங்கே வந்து கற்றனர். செருமனியில் இன்று முடி ஒப்பனை கற்பவர்க்கு மூன்றாண்டுப் பயிற்சி. பயிலும்போதே கடைக்காரர் ஊதியம் தரவேண்டும். இங்கிலாந்திலும் பழகுநர்க்குக் குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டம் வகுத்துள்ளது. சிறுவன் பணம் கட்டிய இடத்தில் இன்று ஆசான் பணம் தருகிறார். சசூன் பெயர் தாங்கிய பயிற்சிக்கூடங்களில் சேருவதற்கோ, கட்டணம் உண்டு.