முயலுக்குக் கொசுவலை எதற்கு?



ஆஸ்திரேலியாவில் ஜீலாங் நகரில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள். "சார், பிள்ளைங்க முயல் வளர்க்குதுங்க. தோட்டத்துல விடலாம்னா, கால்நடை டாக்டர் கூண்டுக்குக் கொசுவலை கட்டச் சொல்றாரு. பொழுது சாயற நேரத்துல வெளியே விடவே கூடாதாம். முயலுக்குமா கொசுவலை?" போனில் சொன்ன பதில் நீண்டுவிட்டது. எல்லாருக்கும் ஆகட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அவள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் வின்செல்சி. அங்கே பார்வன் பார்க் என்ற பண்ணையை வைத்திருந்தவர் தாமஸ் ஆஸ்டின். வேட்டைப் பிரியர். இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்தார். 1859 டிசம்பர் 25 அன்று மெல்போர்னில் வந்து இறங்கியவை வெறும் 24. பண்ணையில் விட்டுப் பெருக்கினார். அவை அங்கேயே நிற்கவில்லை. ஐம்பது ஆண்டுக்குள் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிப் புல்லையும் பயிரையும் மேய்ந்து தீர்த்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 தொடங்கி 1907 வரை வேலி போட்டார்கள். முதல் வேலியின் நீளம் மட்டும் 1,800 கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு! வேலி முடிவதற்குள் முயல் தாண்டிவிட்டது.

1950இல் அரசு வேறு வழியில் இறங்கியது. தென் அமெரிக்க முயல்களிடம் இருந்த மிக்ஸோமா என்ற வைரஸைப் பரப்பினார்கள். அந்தக் கோடையில் மர்ரே ஆற்றங்கரைக் கொசுக்கள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. தொடக்கத்தில், நோய் கண்ட முயல்களில் நூற்றுக்கு 99 செத்தன. பிறகு தப்பிப் பிழைத்தவற்றின் குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. வைரஸும் போகவில்லை, முயலும் ஒழியவில்லை. அந்தக் கொசுவுக்குக் காட்டு முயல், வீட்டு முயல் என்ற பேதம் தெரியுமா? ஐரோப்பாவில் இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆஸ்திரேலியாவில் அனுமதி இல்லை. எதிர்ப்புச் சக்தி காட்டு முயல்களுக்கும் தொற்றிவிடுமோ என்ற அச்சம்தான் காரணம். ஆகவே அந்தப் பிள்ளைகளின் முயலுக்குக் கொசுவலைதான் தடுப்பூசி. காலிசி என்ற இன்னொரு வைரஸ் 1995இல் வார்டாங் தீவு ஆய்விடத்திலிருந்து தப்பிப் பரவியது. அதற்கு மட்டும் ஊசி கிடைக்கிறது, தவறாமல் போட்டுவிட வேண்டும்.

கொசு ஒருபுறம் இருக்கட்டும். வெளியே விடும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை ரோமாபுரியின் வர்ரோ கி.மு. 37 வாக்கிலேயே எழுதி வைத்துவிட்டார். எண்பது வயதில் எழுதிய வேளாண்மை நூல் அது (ஓய்வுபெற்றவர்கள் கவனிக்க!). முயல்கள் இருக்கும் இடத்தைச் சுற்றிச் சுவர் வேண்டும். பூனை நுழையாதபடி சுவரைப் பூசி, ஓநாய் தாண்டாதபடி உயரமாகவும் கட்ட வேண்டும். பகலில் ஒளிந்துகொள்ளப் புதர் வேண்டும். கழுகு பாய முடியாதபடி கிளை பரப்பிய மரங்கள் வேண்டும். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் இதில் மாற்ற ஒன்றுமில்லை. மரத்துக்குப் பதில் கம்பிவலைக் கூரை போடுகிறோம், அவ்வளவுதான். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: முயல் மண்ணைத் தோண்டும். சுற்றிலும் வலை போட்டு அடியை விட்டால் மறுநாள் முயல் இராது. வலையை மண்ணுக்குள்ளும் இறக்க வேண்டும்.

பீட்டர் முயல் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் தம் பெஞ்சமின் என்ற முயலைத் தோல் வாரில் கட்டி நடக்க அழைத்துப் போவாராம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கழுத்தில் கயிறு வேண்டாம். மிரண்டு துள்ளினால் கழுத்தோ முதுகெலும்போ போய்விடும். மார்பைச் சுற்றிப் போடும் வார் பழக்கிய பிறகே வெளியே போகலாம். நாய் கடிக்கக்கூட வேண்டாம், துரத்திய பயத்திலேயே முயல் சாவதுண்டு. பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும். செல்போன் பார்த்துக்கொண்டு அல்ல.

இனி நம் ஊர்ப் பேரப்பிள்ளைகளுக்கு. நீங்கள் வளர்க்கும் வெள்ளை முயலின் முன்னோர் ஸ்பெயின் பக்கத்து வளை முயல்கள். வெயில் பட்டால் குளிர்ந்த வளைக்குள் போய்விடும் இனம். நமக்குப் போல அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் விட்டால் அரை மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். காலை ஏழு மணிக்கு முன்னால், நிழலில், தண்ணீர்க் கிண்ணத்தோடு விடுங்கள். அரளிச் செடி பக்கம் வேண்டவே வேண்டாம், இலை நஞ்சு.

நம் கொல்லைக்காட்டில் ஓடும் முயல் வேறு இனம். அது வளை தோண்டாது. குட்டியும் கண் திறந்து, உடம்பு முழுக்க மயிரோடு பிறக்கும், தாய் பகலெல்லாம் விலகியே இருக்கும். புல்லில் தனியாகக் கிடக்கிறதே, அநாதை என்று எண்ணித் தூக்கி வந்துவிடாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். சாயங்காலம் தாய் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும்.