வருஷத்துக்கு 37 நாள்

நைந்துபோன தேசியக் கொடியை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. 2002-இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி, கிழிந்து கெட்டுப்போன கொடியைத் தனியிடத்தில், முழுதாக, மரியாதை குறையாமல் அழித்துவிட வேண்டும், எரித்துவிடுவது நல்லது. தேய்வதற்கென்றே தைக்கப்படும் துணி அது. காற்று ஓரத்தை நூல்நூலாகப் பிரிக்கும், வெயில் நிறத்தைத் தின்னும், மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடெங்கும் கம்பம் ஏறிய கொடிகள் எல்லாம் எங்கே போயின என்று யாரும் தேடாததற்கு இதுதான் காரணம். அவை தம் வேலையைச் செய்தன, தீர்ந்துபோயின.

ஒன்று தீரவில்லை. சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த நாளில் ஏற்றப்பட்டு இன்றும் மிஞ்சியிருக்கும் ஒரே கொடி இதுதான் என்று அருங்காட்சியகம் சொல்கிறது. சுமார் 12 அடி நீளம், 8 அடி அகலம். சுத்தமான பட்டு.

இதன் பிறப்பைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். ராட்டைக்குப் பதில் அசோகச் சக்கரம் போட்ட மூவர்ணக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22-ஆம் தேதி. ஆகஸ்ட் 15-க்கு இடையில் 24 நாள்தான். அந்தச் சின்ன இடைவெளியில் யாரோ பட்டு எடுத்து, மூன்று நிறத்தையும் சேர்த்து, நடுவில் நீலச் சக்கரம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அவசர வேலை. கொடியேற்றியவர்களின் பெயர்கள் ஏடுகளில் உண்டு. ஊசி பிடித்தவரின் பெயரை எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடம் எப்போதும் இருந்ததில்லை.

ஏறிய கம்பமும் லேசுப்பட்டதல்ல. சுமார் 150 அடி உயரத் தேக்கு. கவர்னர் எலிஹு யேல் காலத்தில், 1687 வாக்கில், கடற்கரையில் சிதைந்த 'லாயல் அட்வென்சர்' என்ற கப்பலின் பாய்மரத்தைக் கொண்டு நட்டது என்று சொல்வார்கள். 1994-இல்தான் அதன் இடத்துக்கு எஃகுக் கம்பம் வந்தது. 1947-க்கு முன்பே ஒரு முறை அந்தத் தேக்கில் மூவர்ணம் பறந்திருக்கிறது. 1932 ஜனவரி 26-ஆம் தேதியை ஒட்டிய இரவில், விடுதலைப் போராட்டக்காரர் ஆர்யா என்கிற பாஷ்யம் காவலுக்குத் தெரியாமல் ஏறிக் கட்டிவிட்டு இறங்கினார். வேட்டித் துணியில் அவரே தீட்டிய கொடி என்பார்கள். விடிந்ததும் இறக்கிவிட்டார்கள். அந்தத் துணி இல்லை. இரண்டில் எது மிஞ்சியிருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் வேட்டியைத்தான் சொல்வேன். ஆனால் எது மிஞ்சும் என்பதை வரலாற்று மதிப்பு தீர்மானிப்பதில்லை. இறக்கிய கை யாருடையது என்பதுதான் தீர்மானிக்கிறது.

ஆகஸ்ட் 15 விடியற்காலையில் யூனியன் ஜாக் போன இடத்தில் ஏறிய பட்டுக் கொடியை இறக்கிய கை, அதை மடித்து வைத்தது. 1948 ஜனவரி 31-இல் கோட்டைக்குள் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1795-இல் கட்டி முடித்த பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடம் அது. வணிகர்கள் கூடிய இடம். அதன் மொட்டைமாடியில்தான் 1796-இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. கடலுக்கே வெளிச்சம் காட்டிய கட்டடத்துக்குள், வெளிச்சமே ஆகாத ஒரு துணி குடியேறியிருக்கிறது. பல பத்தாண்டுகள் அது பொதுமக்கள் கண்ணில் படவில்லை. 2013 ஜனவரி 26 அன்றுதான் காட்சிக்கு வந்தது: காற்றுப் புகாத மரக்கண்ணாடிப் பெட்டி, ஈரத்தை உறிஞ்ச ஆறு கிண்ணங்களில் சிலிக்கா ஜெல், அளந்து விடப்பட்ட மங்கலான விளக்கு.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் முதலில் கேட்பது, ஏன் இவ்வளவு இருட்டு என்று. நியாயமான கேள்வி. பட்டு ஒரு புரதம். ஃபைப்ரோயின் என்று பெயர். புற ஊதாக் கதிரும் வெளிச்சமும் அந்தப் புரதச் சங்கிலியை அறுக்கின்றன. முதலில் மஞ்சள் தட்டும், பிறகு மொறமொறப்பாகும், ஒரு நாள் தொட்ட இடத்தில் பிளக்கும். இயற்கை இழைகளில் வெளிச்சத்தை மிகவும் தாங்காதது பட்டுதான். சாயத்துக்கும் அதே கதி. இதில் கொடுமை என்னவென்றால், இந்தச் சேதம் ஆறுவதில்லை. இன்று பட்ட வெளிச்சத்தின் மேல் நாளைய வெளிச்சம் ஏறிக் கூடிக்கொண்டே போகும். இரவில் விளக்கை அணைத்தால் துணி ஓய்வெடுக்கும், ஆனால் இழந்ததைத் திரும்பப் பெறாது.

அடுத்தது ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கடலோரச் சென்னையில் அது அடிக்கடி தாண்டுகிற எல்லை. ரொம்பவும் காய்ந்தாலும் பட்டு ஒடியும். ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதுதான் எல்லாவற்றிலும் கெடுதல். அந்த ஆறு கிண்ணங்களின் வேலை இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது. சிலிக்கா ஜெல் ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும். எடுத்து, அடுப்பில் வைத்து ஈரத்தை விரட்டி, மறுபடி வைக்க வேண்டும். அலுப்பான வேலை. மறந்துவிட்டால் கிண்ணத்தில் இருப்பது வெறும் மணல்.

மூன்றாவது எதிரியான புகையைப் பற்றி வடசென்னையில் எங்கள் சடையங்குப்பம் பக்கத்து ஆட்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் ஓடத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 வரை புகைத்தது. எரிபொருளில் கந்தகம் இருந்தால் புகையில் கந்தக டை ஆக்சைடு இருக்கும். அது ஈரக் காற்றோடு சேர்ந்தால் அமிலம். அமிலம் பருத்தியை அரிக்கும், பட்டைப் பலவீனமாக்கும். ஹைட்ரஜன் சல்பைடு சரிகையில் இருக்கும் வெள்ளியைக் கறுப்பாக்கும். நம் வீட்டு பீரோக்களில் கூறைப்புடவையின் சரிகை கறுத்து, மடித்த மடிப்பிலேயே விரிசல் விடுவதற்கு அந்துருண்டை குறைந்தது காரணமில்லை. மடிப்பை மாற்றிப் போட வேண்டும், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்ற வேண்டும், பிளாஸ்டிக் கவரைத் தூக்கி எறிய வேண்டும். நம் பாட்டிகள் முதல் இரண்டையும் செய்தார்கள். மூன்றாவதற்கு வேலை வைத்த பிளாஸ்டிக் நாம் கொண்டுவந்த வினை.

கோட்டைக் கொடியும் புகைக்குத் தப்பியதல்ல. அது இருக்கும் கட்டடத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு சாலைதான். பல பத்தாண்டுகள் அந்தத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் குவிந்து கிடந்தன. தூசு கோட்டைக்கும் பக்கத்து உயர் நீதிமன்றத்துக்கும் பறந்தது. 2011-இல் நீதிமன்ற உத்தரவால் அந்த வேலை சென்னைத் துறைமுகத்தில் நின்றது. நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. அடுத்த 2 ஆண்டுகளுக்குள் கொடி வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு ஏதுமில்லை; ஆனாலும் வடசென்னைக்காரன் இந்த இரு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. பட்டுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது, தூசு எங்களுக்கு வந்தது.

வடசென்னைக்குத் துணியோடு பழைய உறவு உண்டு. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரில் நெசவாளர்களுக்கென ஒரு குடியிருப்பை அமைத்தார். காலெட்பேட்டைதான் இன்றைய காலாடிப்பேட்டை. அதற்குத் தெற்கே வண்ணாரப்பேட்டையில் துணி வெளுத்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து மசூலா படகில் அலை தாண்டிக் கப்பலேறிய வண்ணமெழுதிய பருத்தித் துணிகளில் மிஞ்சியவற்றை இன்று பார்க்க வேண்டுமென்றால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கோ ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்துக்கோ போக வேண்டும். குளிர் நாடு என்பது ஒரு காரணம். ஆனால் அங்கே துணியைப் பார்த்துக்கொள்ள ஒரு படிப்பையும் உண்டாக்கினார்கள்.

டென்மார்க்கில் பிறந்த நெசவுக்காரி கேரன் ஃபிஞ்ச் 1975-இல் லண்டனின் ஓரத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் துணிப் பாதுகாப்பு மையத்தைத் தொடங்கினார். கோர்டால்ட் கலைக் கழகத்தோடு சேர்ந்து 3 ஆண்டு முதுநிலைப் பயிற்சி. 1999-இல் அது சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வின்செஸ்டர் வளாகத்துக்கு மாறியது, 2009-இல் பணமில்லை என்று மூடினார்கள், 2010-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அந்த மரபை எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே 2 ஆண்டுப் படிப்பு. துணிக்கென்றே இப்படி ஒதுக்கிய இடங்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை.

என்ன கற்றுத்தருகிறார்கள்? முதலில், தொடாமல் இருக்க. இழையை நுண்ணோக்கியில் பார்த்து இது பட்டா, பருத்தியா, கம்பளியா என்று சொல்லப் பழக வேண்டும். மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டு ஒற்றுத்தாளால் அழுத்தி, சாயம் கசிகிறதா என்று பார்க்காமல் நனைக்கக் கூடாது. வலையை மேலே விரித்து, மிகக் குறைந்த இழுப்பில்தான் தூசியை உறிஞ்ச வேண்டும். கிழிசலைத் தைத்து மூடுவதில்லை. மூலத் துணியின் நிறத்துக்கே சாயமேற்றிய மெல்லிய பட்டு வலையைப் பின்னால் வைத்து, முடியளவு இழையால், வளைந்த ஊசி கொண்டு, பழைய ஓட்டைகளின் வழியாகவே முடிந்தவரை போட்டு அமர்த்துகிறார்கள். அடுத்த தலைமுறைக்காரர் இதைப் பிரிக்க நினைத்தால் பிரிக்க முடிய வேண்டும். ரசாயனம் பாதி, கைவேலை பாதி. கைவேலை வராதவர்களை ரசாயனம் காப்பாற்றாது.

பிரிக்கும்படி தைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வாஷிங்டனில் ஒரு கொடி சாட்சி. 1813-இல் மேரி பிக்கர்ஸ்கில் தைத்த பெரிய கொடி அது. அமெரிக்க தேசிய கீதம் அதைப் பார்த்து எழுதியது. 1914-இல் அமீலியா ஃபௌலர் தலைமையில் பெண்கள் லினன் துணியைப் பின்னால் வைத்து 17 லட்சம் தையல் போட்டுக் காப்பாற்றினார்கள். 1998-இல் தொடங்கிய பணியில் அந்த 17 லட்சத்தையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார்கள். அக்கறையோடு செய்ததுதான், ஆனால் அந்தத் தையல் துணியை இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது அது இருண்ட, பிராணவாயு குறைத்த அறையில் சற்றே சாய்த்துக் கிடத்தப்பட்டிருக்கிறது.

நம் பக்கம் இந்த அறிவு அந்நியமல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே ரசாயனப் பாதுகாப்புக்கூடம் வந்துவிட்டது, எஸ். பரமசிவன் அங்கேதான் வெண்கலப் படிமங்களின் களிம்பை நீக்கினார், தஞ்சைப் பெரிய கோயில் சோழ ஓவியங்களை ஆராய்ந்தார். 1976-இல் லக்னோவில் கலைப்பொருள் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வுக்கூடம் அமைந்தது. தில்லியில் தொடங்கி இப்போது நொய்டாவில் இயங்கும் மரபுரிமைக் கழகத்தில் பாதுகாப்பியலில் முதுகலைப் பட்டம் படிக்கலாம். ஆனால் கல்லும் செம்பும் பெற்ற கவனத்தைத் துணி பெறவில்லை. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் பட்டு நெய்கிற மாநிலம், நெய்த பட்டு நூறு வருஷம் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு படிப்பாக நினைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம். திருவொற்றியூரில் பி.எஸ்சி. வேதியியல் முடித்து, மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குக் காத்திருக்கும், பூவேலைத் தையலும் தெரிந்த பெண்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களிடம் இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று சொன்னவர் யார்?

அந்த அறிவுக்குக் கோட்டைக்கு வெளியேயும் வேலை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தபோது, இந்தப் பக்கத்து வீடுகளில் பீரோவோடு துணி நனைந்தது. நனைந்த பட்டைப் பிரித்து உதறக் கூடாது, ஒன்றோடொன்று ஒட்டியதை இழுக்கக் கூடாது, சாயம் விடும் சேலைகளைப் பிரித்து வைக்க வேண்டும், நிழலில் தட்டையாகக் கிடத்தி, 2 நாளுக்குள் காய வைக்காவிட்டால் பூஞ்சணம் வரும். நிவாரணப் பொட்டலத்தோடு இதை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம்.

மறுபடி கோட்டைக் கொடிக்கு வருகிறேன். இனி அதன் பயணம் காலத்தில்தான், அதையும் வெளிச்சத்தால் அளக்கிறார்கள். நுட்பமான துணிக்கு 50 லக்ஸ் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. நாளுக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் திறந்தால் 1,20,000 லக்ஸ் மணி. சீக்கிரம் வெளிறும் சாயங்களுக்கு வருஷத்துக்கு 15,000-க்கு மேல் வேண்டாம் என்று பன்னாட்டு வெளிச்ச ஆணையம் 2004-இல் பரிந்துரைத்தது. அந்தக் கணக்கில் 50 லக்ஸில் ஒரு துணி வெளியே இருக்கக்கூடியது 37 நாள்.

என் யோசனை இதுதான்: ஜனவரி 26-ஐ ஒட்டி 18 நாள், ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி 19 நாள் கொடியைக் காட்டட்டும். மற்ற நாள்களில் அதே அளவில் ஒரு நகலைப் பெட்டியில் வைத்து, நகல் என்று கொட்டை எழுத்தில் எழுதட்டும். தூரத்திலிருந்து வந்தவர்கள் கோபப்படுவார்கள், கடிதம் எழுதுவார்கள். பதில் எழுத ஒரு குமாஸ்தாவையும், கிண்ணங்களைக் கவனிக்கப் படித்த ஒரு பெண்ணையும் வேலைக்குப் போட்டால் போதும்.