83ஆ, 2014ஆ? சின்னம்மா வீட்டில் ஒரு சண்டை

கடந்த கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஹரோவில் சின்னம்மா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். கொத்துரொட்டி முடிந்து பெரியவர்கள் பிளேன்ரீயோடு உட்கார்ந்துவிட்டார்கள். சின்னம்மாவின் மகன் (பெயரைப் போட்டால் கோபிப்பான், தம்பி என்றே எழுதுகிறேன்) திடீரென்று ஆரம்பித்தான்.

"அக்கா, வீடியோ கேம் வரலாற்றிலேயே மோசமான வருசம் எது? நான் சொல்றன், 2014."

எனக்கு விட மனமில்லை. "விசர்க்கதை கதைக்காதை. 83 தான். அதுக்குக் கிட்டவும் ஒண்டும் வராது."

மூலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிர்ந்தார். "83 தான். அதில என்ன சந்தேகம்?"

இதை வாசிக்கிற பலருடைய வீட்டிலும் 83 என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். அப்பாவுக்கு அப்போது 22 வயது. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தவர், அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கினார். அவருக்கு நாங்கள் கேம் பற்றிக் கதைக்கிறோம் என்பதே தெரியாது. தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு மாமாதான் சிரித்து, "அத்தான், பிள்ளையள் விளையாட்டுச் சாமான் பற்றிக் கதைக்கினம்" என்று சொல்லிச் சமாளித்தார்.

அன்றிரவு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சண்டை எனக்குள் முடியவில்லை. நான் சொன்ன 83 சரியா? கொஞ்சம் கிண்டிப் பார்த்தேன். என் பக்கம் அவ்வளவு பலமாக இல்லை.

முதலில் 83இல் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் அட்டாரி 2600 என்ற கருவி 1977இல் வந்தது. கேம் ஒவ்வொன்றும் ஒரு கார்ட்ரிஜ். ஆரம்பத்தில் அட்டாரி மட்டுமே அதற்குக் கேம் செய்தது. செய்தவர்களுக்குச் சம்பளம் உண்டு, பெட்டியில் பெயர் கிடையாது. அந்தக் கோபத்தில் நான்கு பேர் வெளியேறி 1979இல் அக்டிவிஷனைத் தொடங்கிய குழுவில் சேர்ந்தார்கள். அட்டாரி வழக்குப் போட்டது. 1982இல் சமரசம் வந்தபோது ஒரு விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது: யாரும் இந்தக் கருவிக்குக் கேம் செய்யலாம், தடுக்க வழியில்லை. கேமோடு ஒரு சம்பந்தமும் இல்லாத கம்பனிகள்கூட உள்ளே குதித்தன. கடைத் தட்டுகள் நிரம்பி வழிந்தன.

அட்டாரியும் சும்மா இருக்கவில்லை. 1982இல் வீட்டுக்கு வந்த பக்-மான் பார்க்கவே பாவமாக இருந்தது. பேய்கள் மினுங்கி மினுங்கி மறையும். இலட்சக்கணக்கில் விற்றது, ஆனால் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். பிறகு ஈ.டி. ஸ்பீல்பெர்க்கின் படம் அந்தக் கோடையில் உலகத்தையே அழவைத்திருந்தது. படத்தின் உரிமைக்கு அட்டாரி 2 கோடி டொலருக்கும் மேல் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். பேரம் முடிந்தபோது ஜூலை கடைசி. கிறிஸ்மஸ் விற்பனைக்குக் கார்ட்ரிஜ் அச்சாக வேண்டுமென்றால் செப்டம்பர் தொடக்கத்தில் கேம் கையில் இருக்க வேண்டும். ஹவார்ட் ஸ்காட் வார்ஷோ என்ற இளைஞருக்குக் கிடைத்தது ஐந்து வாரம். சாதாரணமாக ஆறு மாதமாவது எடுக்கிற வேலை. செய்து முடித்தார். ஈ.டி. நடக்கும், குழிக்குள் விழும், ஏறும், திரும்ப விழும். அவ்வளவுதான் பலருடைய ஞாபகம்.

1982 டிசம்பர் 7ஆம் திகதி, அட்டாரியின் உரிமையாளரான வார்னர், எதிர்பார்த்த அளவு விற்பனை இல்லை என்று அறிவித்தது. அடுத்த நாளே அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. கடைக்காரர் விற்காத கேம்களைத் திருப்பி அனுப்பினார்கள். திருப்பி வாங்க வேண்டிய சின்னக் கம்பனிகள் பல காணாமல் போயிருந்தன. 30, 35 டொலர் கேம்கள் 5 டொலருக்குக் கூடையில் கிடந்தன. ஐந்து டொலருக்கு ஒன்று கிடைக்கும்போது நல்ல கேமை முழு விலைக்கு யார் வாங்குவார்? நல்லதும் கெட்டதும் சேர்ந்தே மூழ்கின. 1983இல் சுமார் 320 கோடி டொலராக இருந்த அமெரிக்க வீட்டுக் கேம் வியாபாரம் 1985இல் 10 கோடிக்கு வந்துவிட்டது என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. 83 செப்டம்பரில் அட்டாரி லொறி லொறியாகக் கார்ட்ரிஜ்களைக் கொண்டுபோய் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தது.

இதைத்தான் நான் தம்பியிடம் ஆயுதமாகத் தூக்கிக் காட்டினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். இது வியாபாரம் விழுந்த கதை. வெளிவந்த கேம்கள் மோசமா என்பது வேறு கேள்வி. அதைவிட, இது அமெரிக்காவின் கதை. 83 ஜூலை 15ஆம் திகதி ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபமிகொம் கடைக்கு வந்தது. கூடவே வந்தவை மூன்றே கேம்கள், அதில் ஒன்று டொங்கி கோங். பின்னாளில் அமெரிக்கச் சந்தையை எழுப்பி நிறுத்திய பெட்டி அதுதான். அங்கே எல்லாம் புதைந்துகொண்டிருந்தபோது இங்கே ஒன்று பிறந்திருக்கிறது. (ஒன்பது நாள் கழித்து, ஜூலை 24 இரவு, கொழும்பு எரியத் தொடங்கியது. இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் என் தலைக்குள் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, என்ன செய்ய.)

பிரிட்டனின் கதை இன்னும் வேறு. மாமாவைப் பிடித்துக் கேட்டேன். அவர் இங்கே படிக்க வந்து, இரவில் பெற்றோல் செட்டில் வேலை செய்த காலம். "எங்களுக்கு அட்டாரி விழுந்ததே தெரியாது பிள்ளை. எங்களிட்ட ஸ்பெக்ட்ரம் எல்லோ இருந்தது" என்றார். சேர் கிளைவ் சின்க்ளேரின் ZX ஸ்பெக்ட்ரம் 1982இல் 125 பவுணுக்கு வந்த கணினி. ரப்பர் விசைகள், படத்துக்கு வீட்டு டிவி. கேம் வருவது சாதாரண பாட்டுக் கசெற்றில். ரேப் ரெக்கோர்டரில் போட்டால் கீச்சென்று ஐந்து நிமிசம் கத்தும், பிறகு கேம் வரும், அல்லது வராது. மாமா அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டினார். சின்னம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

83இல்தான் மனிக் மைனர் வந்தது. அதைச் செய்த மத்தியூ ஸ்மித்துக்கு அப்போது 17 வயது. அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிராபனும் இயன் பெல்லும் எலிட் செய்தார்கள். எட்டு விண்மீன் கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தைவிடச் சின்ன இடத்துக்குள் இதையெல்லாம் அடைத்திருந்தார்கள். அதே 1984 ஜூனில் மொஸ்கோவில் அலெக்சி பஜித்நோவ் டெட்ரிஸ் எழுதினார். அது அப்போது எந்தக் கடைக்கும் வரவில்லை. ஆளிடமிருந்து ஆளுக்குப் பிரதியாகவே பரவியது. ஆகவே 1984இல் கடைக்கு வந்த கேம்களின் பட்டியலை எடுத்தால் அதில் டெட்ரிஸ் இருக்காது. மோசமான வருடம் என்று முத்திரை குத்தும்போது இப்படியானவற்றை எங்கே எழுதுவது?

சரி, 83இலிருந்து நான் இறங்கிவிட்டேன். அமெரிக்காவில் ஒரு பத்து வயதுப் பிள்ளை பொம்மைக் கடைக்குப் போனால் மிகவும் வெறுமையாக இருந்திருக்கக்கூடிய வருடம் 1984தான் என்பது என் இப்போதைய கருத்து. பழையது செத்துவிட்டது, நின்டெண்டோ அங்கே எட்டிப் பார்க்க 1985இன் கடைசி மாதங்கள் ஆனது, அதுவும் முதலில் நியூயோர்க்கில் மட்டும்.

இனித் தம்பியின் 2014. அவனுக்கு அப்போது எட்டு வயது, எனக்குப் பதினெட்டு. அவன் அதை மோசம் என்பது பின்னால் யூடியூப் பார்த்துச் சேர்த்த அறிவு. நான் அந்த வருடம் சனிக்கிழமை வேலைக் காசைச் சேர்த்து வாழ்ந்தவள், ஆகவே எனக்குச் சொல்ல உரிமை அதிகம். 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4உம் எக்ஸ்பொக்ஸ் வன்னும் வந்துவிட்டன. எல்லோர் வீட்டிலும் புதுப் பெட்டி, போட்டு விளையாட ஒன்றுமில்லை. விச்சர் 3 தள்ளிப்போனது, பிறகு இன்னொரு தரமும் தள்ளிப்போனது. பட்மான் ஆர்க்கம் நைட் அடுத்த வருடத்துக்குப் போய்விட்டது. வந்தவையும் அரை வேக்காடு. நவம்பரில் வந்த அசாசின்ஸ் கிரீட் யூனிட்டியில் சிலருக்கு முகமே இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதந்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. யூபிசொஃப்ட் மன்னிப்புக் கேட்டு, அடுத்த பகுதியை இலவசமாகக் கொடுத்தது. அதே வாரம் வந்த ஹேலோ தொகுப்பில் இணையத்தில் எதிராளியைத் தேடி மணித்தியாலக் கணக்கில் காத்திருந்தார்கள்.

இது தம்பிக்குப் பாதி வெற்றி. மற்றப் பாதியைக் கொடுக்கமாட்டேன். மரியோ கார்ட் 8 அந்த மே மாதம் வந்தது. அவனே அதில் என்னைத் தோற்கடித்துத் தோற்கடித்துத்தான் எண்ணப் பழகினான்! பயோனெட்டா 2, இங்கே ஹோர்ஷமில் செய்யப்பட்ட ஏலியன்: ஐசொலேஷன், எல்லாம் 2014. பிறகு திஸ் வோர் ஒஃப் மைன்.

அது போலந்தில் செய்யப்பட்ட சின்னக் கேம். சரயேவோ முற்றுகையை வைத்துச் செய்தது. மற்றக் கேம்களில் நீங்கள் படைவீரன். இதில் நீங்கள் இடிந்த வீட்டுக்குள் இருக்கும் சாதாரண ஆட்கள். பகலில் வெளியே போகமுடியாது, ஸ்னைப்பர். இரவில் ஒருவர் போய்ச் சாப்பாடும் மருந்தும் தேட வேண்டும். ஒரு வீட்டில் வயதான தம்பதி இருப்பார்கள். அவர்களிடம் திருடலாம், தடுக்கமாட்டார்கள். திருடினால் உங்கள் ஆட்கள் மனம் உடைந்துபோவார்கள். நான் விளையாடும்போது அம்மா பின்னால் வந்து நின்றார். அவர் எனக்குக் கேமே பிடிக்காது என்று சொல்கிற ஆள். கனநேரம் பார்த்துவிட்டு, "அந்த ரேடியோ எப்பிடி வேலை செய்யுது? சைக்கிள் டைனமோவிலயோ?" என்று கேட்டார். 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி போகாத காலத்தில் அவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்துச் செய்தி கேட்டதை அன்றுதான் முதல் தரம் சொன்னார். ஜாம் போத்தல் விளக்கையும் சொன்னார். 2014ஐ மோசமான வருடம் என்று நான் எப்படி ஒத்துக்கொள்வேன்?

2021ஐப் பற்றியும் தம்பி ஏதோ சொன்னான். கோவிட்டால் எல்லாம் தள்ளிப்போனது உண்மை. ஹொரைசன், கொட் ஒஃப் வோர் இரண்டும் 2022க்குப் போய்விட்டன. இதில் எனக்குச் சுவாரசியமாக இருந்தது ஒன்றுதான். ஊரடங்கு நடந்த 2020இல் கேம்கள் நன்றாகவே வந்தன, ஏனென்றால் அவை அதற்கு முன்பே ஏறக்குறைய முடிந்திருந்தன. அனிமல் கிராசிங் அந்த மார்ச்சில் சரியாக வந்து இறங்கியது. அடி விழுந்த வருடம் ஒன்று, வலி தெரிகிற வருடம் இன்னொன்று. திரும்பிப் பார்த்தால் ஈ.டி.யும் 82இல் வந்த கேம்தான், 83இல் அல்ல.

அப்படியென்றால் 2023ஐ என்ன சொல்வது? பல்டூர்ஸ் கேட் 3, செல்டா, ஒரே வருடத்தில் இவ்வளவா என்று திக்குமுக்காடினோம். அதே வருடம் இந்தத் துறையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனதாகக் கணிப்பு. வாங்குகிறவருக்குப் பொன்னான வருடம், செய்கிறவருக்கு 83.

தம்பி உண்மையில் எதைக் கேட்டான் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. அவன் பல்கலைக்கழகத்தில் கேம் டிசைன் படிக்க விரும்புகிறான். விண்ணப்பத்துக்கு ஜனவரி வரைதான் நேரம். சின்னம்மாவுக்கு அவன் அக்கவுண்டன்சி எடுக்க வேண்டும். சித்தப்பா வாயே திறப்பதில்லை. போன் எடுத்து நேரே கேட்டான்: "அக்கா, நான் முடிச்சு வெளியில வரேக்க 84 மாதிரி இருக்குமோ?"

தெரியாது என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. பதிலாக வார்ஷோவைப் பற்றிச் சொன்னேன். உலகத்தின் மிக மோசமான கேமைச் செய்தவர் என்று முப்பது வருடம் பேச்சு வாங்கியவர், இப்போது கலிபோர்னியாவில் மனநல சிகிச்சை செய்கிறார். 2014 ஏப்ரலில் அலமகோர்டோக் கிடங்கைத் தோண்டியபோது அவரும் போய் நின்றார். சுமார் 1,300 கார்ட்ரிஜ்களை வெளியே எடுத்தார்கள். ஈ.டி. மட்டும் அல்ல, எல்லோரும் விரும்பி விளையாடிய சென்டிபீடும் மிசைல் கமாண்டும் அதே குப்பைக்குள் கிடந்தன. எடுத்த ஒரு ஈ.டி. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"2014ஓ?" என்றான் தம்பி. "பாத்தீங்களா, 2014இன்ர பெரிய ரிலீஸே 82இன்ர கேம்தான். நான் சொன்னது சரி."

போனை வைத்துவிட்டான். விண்ணப்பத்தில் என்ன போட்டான் என்று இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. அப்பா மட்டும் நேற்றுச் சாப்பிடும்போது, அந்தக் கிடங்கைத் தோண்ட யார் காசு கொடுத்தது என்று என்னிடம் கேட்டார்.