நடுப்பெயரும் நம் பெயரும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருவர் தம் கைக்குழந்தையுடன் என் இல்லத்திற்கு வந்திருந்தார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் அகரம் பயின்றவர். இன்று பினாங்கில் பொறியியலாளராகப் பணிபுரிகிறார். உடன் பணியாற்றும் மெக்சிகோ நாட்டவர் ஒருவரை மணந்துள்ளார். பிள்ளை பிறந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. மாணவியின் தந்தையாரும் பாட்டியும் உடன் வந்திருந்தனர்.

குழந்தைக்கு யாழினி என்ற பெயர் முடிவாகிவிட்டது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், மருமகனின் வீட்டார் ‘சித்லாலி’ என்னும் பெயரை நடுப்பெயராகச் சேர்க்க விரும்பினர். மாணவிக்கு அதில் உடன்பாடு. தந்தையாருக்கோ மனம் ஒப்பவில்லை.

“டீச்சர், நம்ம பிள்ளைக்கு வாயில நுழையாத பேரு எதுக்கு? முப்பாட்டன் காலத்துல இருந்து யாருக்காவது நடுப்பேருன்னு ஒண்ணு இருந்திருக்கா? நீங்களே சொல்லுங்க,” என்றார்.

பிறப்பை 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். நாள் குறைவாக இருந்தது. ஆயினும் அன்றே பதில் கூற எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்தவற்றையும் எண்ணியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் பெயர்களின் வரலாற்றைப் பார்ப்போம். நாம் வாழும் இம்மலையின் பெயரே ஒருவருடைய குடும்பப் பெயர்தான். 1885ஆம் ஆண்டு இம்மேட்டுநிலப் பகுதியை ஆய்ந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது. 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் பெயரும் நூல்களில் இருக்கிறது. காட்டை அழித்துச் சரிவுகளில் கன்று நட்ட தமிழர்களின் பெயர்களோ செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருந்தன. பதிவேடு மக்கியபோது பெயர்களும் மக்கின.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்களுக்கு ஊரில் ஒரே பெயர்தான். இன்னாரின் மகன், இன்ன ஊரான் என்று சொன்னால் போதும். எழுதும்போது தந்தையின் முதலெழுத்தை முன்னால் இடுவது படித்தவர் வழக்கம். ஆங்கிலேயர் நிருவாகத்திற்கு அது போதவில்லை. ஒரே தோட்டத்தில் பத்து முனியாண்டிகள் இருந்தால் சம்பளம் கொடுப்பது எப்படி? எனவே ‘இன்னாரின் மகன்’ என்பதை ஆங்கிலத்தில் ‘சன் ஆஃப்’ என்று எழுதி, ‘எஸ்/ஓ’ எனச் சுருக்கினர். பெண்களுக்கு ‘டி/ஓ’. நாடு விடுதலை பெற்று மலாய் ஆட்சிமொழியான பின் அவையே ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ ஆயின. அனாக் லெலாக்கி என்றால் மகன், அனாக் பெரெம்புவான் என்றால் மகள். நம் பிள்ளைகள் தங்கள் பெயரின் பகுதி என்றே கருதும் இக்குறிகள், உண்மையில் நிருவாகத்தின் வசதிக்காக இடையில் வந்து அமர்ந்தவை. நடுப்பெயர் நமக்கு இருந்ததில்லை. ஆயினும் பெயரின் நடுவே ஒன்று நெடுங்காலமாக இருந்துகொண்டுதான் இருக்கிறது.

1948ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின்போது அடையாள அட்டை வந்தது. கிராணியோ அதிகாரியோ காதில் விழுந்தபடி எழுதியதே சட்டப்படியான பெயராயிற்று. இலட்சுமி லெட்சுமியானார். அண்ணன் பெயரில் தந்தையின் பெயர் ஒருவிதமாகவும், தம்பி பெயரில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டதால் சொத்துரிமைக்கும் சேமநிதிக்கும் அலைந்த குடும்பங்கள் பல. பதிவே செய்யாமல் விடப்பட்டவர் நிலை இன்னும் கொடிது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளை நம்மில் பலர் அறிவோம்.

பெயர் பதியப்படாமற் போவதன் துயரத்தைச் சயாம் மரண இரயில் பாதை நமக்குக் காட்டுகிறது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் சுமார் 12,000 போர்க்கைதிகள் மாண்டனர். அங்கு மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை அதைப்போலப் பன்மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் ஏராளம். காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, பெயர் பொறித்து நிற்கின்றன. நம்மவர்க்கு அத்தகைய கல்லறைகள் இல்லை. ஒரு பெயரை ஒழுங்காக எழுதி வைப்பது சிறிய செயலன்று என்பதை உணர இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பெயர்கள் மாறாமல் இருந்தனவா என்றால், அதுவும் இல்லை. முதல் தலைமுறையில் முனியாண்டி, கருப்பாயி, பெருமாள், அஞ்சலை. 1916ஆம் ஆண்டளவில் தனித்தமிழ் இயக்கம் தோன்றியது. வேதாசலம் மறைமலையடிகளானார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1935ஆம் ஆண்டு கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கினார். சீர்திருத்தக் கருத்துகள் தோட்டங்களை எட்ட, தமிழ்ச்செல்வனும் மலர்விழியும் பிறந்தனர். பிறகு திரைப்பட நடிகர் பெயர்கள், பிறகு எண் கணிதப் பெயர்கள், இன்று ‘ஷ்’ என முடியும் பெயர்கள். வகுப்பு வருகைப் பதிவேட்டை முப்பது ஆண்டுக்கு ஒருமுறை புரட்டினாலே சமுதாய வரலாறு முழுவதும் தெரிந்துவிடும்.

அயல்நாட்டுப் பெயரும் நமக்குப் புதிதன்று. 1953ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் பிறந்த தம் மகனுக்குக் கலைஞர் கருணாநிதி ஸ்டாலின் என்று பெயரிட்டதை அறியாதார் யார்?

இனி மெக்சிகோவுக்கு வருவோம். 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் மெக்சிகத் தொலைக்காட்சித் தொடர்கள் நம் நாட்டில் பரவலாகப் பார்க்கப்பட்டன. ‘ரோசாலிண்டா’ ஓடிய நேரத்தை என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்டைப் பற்றிய நம் அறிவு பெரும்பாலும் அவ்வளவே. ஆனால் நாம் நாள்தோறும் உண்ணும் மிளகாயின் தாயகம் மெக்சிகோ. கேமரன் மலைச் சந்தையில் குவிந்திருக்கும் தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவியது. சப்போட்டா என்னும் சொல் அம்மண்ணின் பழைய மொழியாகிய நாவாட்டில் பிறந்தது. சித்லாலியும் அம்மொழிச் சொல்லே. அதன் பொருள் விண்மீன்.

ஸ்பானியர் 1521ஆம் ஆண்டு வெற்றிகொள்ளும் முன் அம்மக்கள் பெயரிட்ட முறையைப் படித்தபோது வியந்தேன். 260 நாள் கொண்ட நாட்காட்டி ஒன்று அவர்களிடம் இருந்தது. இருபது நாட்குறிகளும் பதின்மூன்று எண்களும் மாறி மாறி இணைந்து 260 நாள்களாகும். பிள்ளை பிறந்ததும் நாட்காட்டி வல்லுநரை அழைப்பர். நாள் நல்லதாயின் உடனே நீராட்டிப் பெயரிடுவர். தீயதாயின் அடுத்துவரும் நல்ல நாளுக்குத் தள்ளிவைப்பர். நட்சத்திரமும் எழுத்தும் பார்க்கும் நம் பாட்டிமாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை! பிறந்த நாளே பெயராவதும் உண்டு. ‘எட்டு மான்’ என்ற பெயருடைய புகழ்பெற்ற அரசர் ஒருவர் அங்கு வாழ்ந்தார். 2006ஆம் ஆண்டு நம் நாட்டுப் பதிவுத் துறை, எண், விலங்கு, பழம் முதலியவற்றைக் குறிக்கும் பெயர்களைத் தவிர்க்குமாறு வழிகாட்டியது. எட்டு மான் இங்குப் பிறந்திருந்தால் எண்ணாலும் விலங்காலும் இருமுறை தடைபட்டிருப்பார்.

வெற்றிக்குப் பின் திருமுழுக்குப் பெயர்கள் வந்தன. ஆனாலும் பழைய பெயர்கள் முற்றாக அழியவில்லை. 1579இல் பிறந்த வரலாற்றாசிரியர் ஒருவர், தொமிங்கோ பிரான்சிஸ்கோ எனத் தொடங்கும் தம் கிறித்தவப் பெயரின் இறுதியில் சிமால்பாயின் என்னும் பழைய ஆட்சியாளர் பெயரைச் சேர்த்துக்கொண்டார். வரலாறு இன்று அவரைச் சிமால்பாயின் என்றே அழைக்கிறது. 1934ஆம் ஆண்டு பின்னாள் அதிபர் லாசரோ கார்தெனாஸ் தம் மகனுக்கு, ஸ்பானியரை எதிர்த்த கடைசி அசுடெக் மன்னன் குவாவ்தெமோக்கின் பெயரைச் சூட்டினார். நாம் கருப்பாயியை விட்டு மலர்விழியைத் தேடியதைப் போல அவர்களும் தங்கள் வேரைத் தேடியிருக்கிறார்கள்.

மெக்சிகோவிற்கு வெளியே மெக்சிகப் பெயர் பெற்ற பிள்ளை ஒருவரும் உண்டு. 1883ஆம் ஆண்டு இத்தாலியில் சமவுடைமைப் பற்றுள்ள கொல்லர் ஒருவர், பழங்குடியில் பிறந்து மெக்சிகோவின் அதிபராகி அயலாட்சியை விரட்டிய பெனிட்டோ ஹுவாரெசின் நினைவாகத் தம் மகனுக்குப் பெனிட்டோ என்று பெயர் வைத்தார். அம்மகன்தான் சர்வாதிகாரி முசோலினி. நல்ல பெயர் மட்டுமே பிள்ளையை வளர்த்துவிடாது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. மெக்சிகரின் முழுப்பெயரில் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. முதலாவது தந்தையுடையது, இரண்டாவது தாயுடையது. திருமணமான பெண்ணும் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. நம் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ முறையிலோ தாயின் பெயருக்கு இடமே இல்லை. கூடை சுமந்து கொழுந்து கிள்ளிக் குடும்பத்தைக் காத்தவள் தாய். பிள்ளையின் பெயரில் அவளுக்கு ஓர் எழுத்தும் இல்லை.

ஒரு வாரம் கழித்து மூவரும் மீண்டும் வந்தனர். படித்ததைக் கூறினேன். நம் பிறப்புச் சான்றிதழில் நடுப்பெயருக்கெனத் தனிக்கட்டம் இல்லை, முழுப்பெயரும் ஒரே வரிதான் என்பதையும் சொன்னேன். பிறகு மாணவியின் தந்தையாரிடம், “மெக்சிக வழக்கப்படி உங்கள் மகள் பெயரோடு வரும் உங்கள் பெயர்தான் பேத்தியின் இரண்டாம் குடும்பப் பெயராக நிற்கும். நம் வழக்கத்தில் மகள் வழிப் பேத்தியின் பெயரில் உங்களுக்கு இடமேது?” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

அதுவரை வாய் திறவாதிருந்த பாட்டி கேட்டார். “அந்தப் பேருக்கு என்னாம்மா அர்த்தம்?”

“விண்மீன், பாட்டி.”

“எனக்கு முன்னால மூணு பிள்ளைங்க தங்கலை. அதனாலதான் எனக்குப் பிச்சைன்னு பேரு வெச்சாங்க. எமன் சீண்ட மாட்டான்னு. இந்தப் பேரை வெச்சிக்கிட்டு எவ்வளவோ கேலி பட்டிருக்கேன். ஆனா உசிரோட இருக்கேன்ல. எங்கம்மா விடிவெள்ளியைப் பார்த்துத்தான் பெரட்டுக்குக் கிளம்புவாங்க. எங்க லயத்துல கடிகாரம் ஏது? வெள்ளின்னா நல்ல பேருதான். வைங்க.”

அதற்குமேல் பேச்சில்லை. யாழினி சித்லாலி என்றே 60 நாளுக்குள் பதிவாயிற்று. பாட்டிக்கு அப்பெயர் இன்னும் சரியாக வாயில் வருவதில்லை. ‘சித்தாலி’ என்று கொஞ்சுகிறார். குழந்தை திரும்பிப் பார்க்கிறது.

என்னைத் தைத்தது ஒன்றுதான். இத்தனை ஆண்டு பழகியும் பாட்டியின் பெயரின் காரணத்தை அன்றுதான் கேட்டறிந்தேன். அவருடைய தாயின் பெயரை அவரிடம் கேட்டு எழுதி வைக்குமாறு மாணவியிடம் சொல்லி அனுப்பினேன்.

ஆசிரியர்களே, வகுப்பில் ஒருநாள் மாணவர்களைத் தங்கள் பெயரின் பொருளையும், அம்மாவின் அம்மா பெயரையும் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளைக்கு எப்பெயரையும் விரும்பி இடுங்கள். ஆனால் பதியும் முன் எழுத்துக்கூட்டலை இருமுறை சரிபாருங்கள், காலந்தாழ்த்தாதீர்கள். அவ்வேளையில் வீட்டிலுள்ள மூத்தவரிடம் அவர் பெயரின் கதையையும் கேட்டுவிடுங்கள்.