பெரட்டு முதல் கணினி வரை: வேலைப் படத்தை யார் வரைவது?



“வணிகச் செயல்முறை மாதிரி” என்ற பெயரைக் கேட்டுப் பயந்துடாதீங்க. ஒரு வேலை எங்கே தொடங்குது, யார் கைக்கு மாறுது, எங்கே முடியுது என்பதைப் படமாக வரைவதுதான் அது. நிறுவன மென்பொருளை அமைக்க இந்தப் படம் உதவும்.

இதை நம்ம பேரா மாநிலத்தை வைத்தே பார்ப்போம். 1877-இல் சிங்கப்பூர் வந்த ரப்பர் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அங்கே அன்றாட வேலை ஓட்டம் இதுதான்: விடியலில் பெரட்டு, செக்ரோலில் பெயர், நிரை பிரித்தல், பால்மரம் சீவுதல், ஸ்டோரில் பால் நிறுத்தல், மாதிரி எடுத்து உலர் ரப்பர் அளவைக் கணக்கிடுதல், சம்பளம்.

கிராணியாருக்கு இது முழுமையான படம். மரம் சீவுறவங்களுக்கு அப்படி இல்லை. மங்கில் விழுந்த மழைநீரும், வாளி தூக்க வந்த பிள்ளையின் உழைப்பும் செக்ரோலில் ஏறவில்லை. உலர் அளவைக் கணக்கிட்டதோ ஸ்டோரில். அதை அவங்க சரிபார்க்க வழியில்லை. ஆனால் கூலி அந்த எண்ணைச் சார்ந்தே இருந்தது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கூலி கூட்டுப் பேச்சுவார்த்தைக்கு வந்தது.

இப்போது கணினிக்கு வருவோம். 1992-இல் ஜெர்மனியின் சார்லாண்ட் பல்கலைக்கழகமும் எஸ்.ஏ.பி. நிறுவனமும் சேர்ந்து “நிகழ்வுசார் செயல்முறைச் சங்கிலி” என்ற வரைமுறையை உருவாக்கின. அந்த நிறுவனத்தின் 604 மாதிரிப் படங்களைப் பின்னர் ஆய்வாளர்கள் சோதித்தபோது, குறைந்தது 34 படங்களில் தருக்கப் பிழை இருந்தது. வல்லுநர் வரைந்த படமும் தவறலாம்.

பயனர் ஒரு முறையை எப்படி எடைபோடுவார்? 1989-இல் ஃபிரெட் டேவிஸ் இரண்டு அளவுகோல்களைச் சொன்னார்: இது என் வேலைக்குப் பயன்படுமா? பயன்படுத்த எளிதா? குறியீடுகள் நிறைந்த படம் வரைந்தவருக்குத் தெளிவாகத் தெரியும். பயனரோ அதில் தன் வேலையைத் தேடுவார். அது அங்கே இல்லையென்றால் மென்பொருள்மேல் நம்பிக்கை வராது.

மாணவர்களே, தேர்வில் இப்படிப்பட்ட கேள்வி வந்தால் படிகளை மட்டும் அடுக்காதீங்க. படத்தை வரைந்தது யார், அதில் விடுபட்டது யாருடைய உழைப்பு, அதனால் யாருக்கு இழப்பு என்று மூன்றையும் எழுதுங்க.

வகுப்புப் பயிற்சி: தோட்டத்தில் வேலை செய்த பாட்டி, தாத்தாவிடம் ஒரு நாள் வேலையைக் கேட்டுப் படமாக வரையுங்க. செக்ரோலில் ஏறாத படிகளைச் சிவப்பு மையில் குறியுங்க.