செப்டம்பர் 29



வரலாறு என்றாலே வருஷத்தை மனப்பாடம் பண்ணுவதுதான் என்று அலுத்துக்கொண்டவர்கள் நம்மில் பலர். வருஷத்தை விடுங்கள். ஒரே ஒரு தேதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ருடால்ஃப் டீசல் மறுநாள் காலை அறையில் இல்லை. நம்மூர் பஸ்ஸும் லாரியும் ஓடுகிற எஞ்சினுக்குப் பெயர் கொடுத்த மனிதர் கடலோடு போனார். 1941இல் இதே நாளும் மறுநாளுமாக, கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தில் நாஜிகள் சுட்டுக்கொன்ற யூதர்கள் 33,771 பேர். கொன்றவர்களே எழுதிவைத்த கணக்கு அது! அடுத்த வருஷம் இதே தேதியில், வங்காளத்துத் தம்லுக்கில், கொடியோடு ஊர்வலம் போன எழுபது வயது கடந்த மாதங்கினி ஹஸ்ரா போலீஸ் குண்டுக்குப் பலியானார்.

இதெல்லாம் தூரத்துச் சங்கதி. நம் வாசலுக்கு வருவோம்.

அரூர்ப் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடியில் கூட்டிவைத்து அடித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பிறகு பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு அடித்துச் சொன்னதுதான் கொடுமையிலும் கொடுமை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடின. 1995இல் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது.

தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்த நாள் 2011 செப்டம்பர் 29. பத்தொன்பது வருஷம், மூன்று மாதம்! குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்தே போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி: வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. சீருடை போட்ட இத்தனை பேர் ஒரே வழக்கில் மொத்தமாகத் தண்டனை பெற்றது நாடு அடிக்கடி பார்க்கிற காட்சியல்ல.

விட்டார்களா? மேல்முறையீடு போனார்கள். இன்னும் பன்னிரண்டு வருஷம். உயர்நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச் மாதம் வாச்சாத்திக்கே நேரில் வந்து ஜனங்களிடம் பேசினார். தீர்ப்புச் சொன்ன தேதி? மறுபடியும் செப்டம்பர் 29! மேல்முறையீடு அத்தனையும் தள்ளுபடி. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவு.

1992இல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்த இரண்டாவது செப்டம்பர் 29 அன்று நாற்பது வயது.